உப்பும் சர்க்கரையும் ஒரே டிரம்மில்

மாலை ஐந்து மணி வரை ரேவதி ஊருக்கே அக்கா. ஐந்து மணிக்கு மேல் மிஸ்.

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையோரம், மலையைப் பார்த்தபடி அவளுடைய ஜூஸ் கடை இருக்கிறது. பகலெல்லாம் லெமன், நன்னாரி சர்பத், ரோஸ்மில்க். ஐந்து மணி அடித்ததும் கடைக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் ஒரு நீலத் தார்ப்பாய் விரியும். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் பதினைந்து பேர் அதில் வந்து உட்காருவார்கள். நாலே முக்காலுக்கு "அக்கா, ஒரு லெமன்" என்று கேட்ட அதே பிள்ளை, ஐந்து பத்துக்கு "மிஸ், அவன் என்னைக் கிள்றான்" என்று புகார் சொல்லும். ஆறாம் வகுப்பு இனியனுக்கு மட்டும் இந்த மாற்றம் சரியாக வரவில்லை. ஒருநாள் அவசரத்தில் "மிஸ்ஸக்கா" என்று கூப்பிட்டுவிட்டான். அன்றிலிருந்து எல்லோருக்கும் அதுவே பெயராகிவிட்டது.

ரேவதி அந்த ஊரிலேயே பிறந்தவள். அப்பாவுக்குக் கடலையும் நெல்லும் போடுகிற இரண்டு ஏக்கர். அந்த வீட்டிலிருந்து முதன்முதலில் கல்லூரிக்குப் போனது அவள்தான். திருவண்ணாமலை அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் படித்தாள். மற்ற பெண்கள் ஆய்வகத்தின் நெடி தாங்காமல் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொள்ளும்போது, இவள் மட்டும் பியூரெட்டின் முன்னால் கண்ணை இமைக்காமல் நிற்பாள். ஒரு சொட்டு விழும். நிறமில்லாத திரவம் சட்டென்று இளஞ்சிவப்பாகும். அந்த ஒரு நொடிக்காக மூன்று வருஷம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனதாக அவளே சொல்வாள்.

பிறகு கல்யாணம். கணவன் குமரேசன் ஆட்டோ ஓட்டுகிறவன். ரமணாசிரமம் பக்கம் தங்கும் வெளிநாட்டுக்காரர்கள்தான் அவனுக்கு வாடிக்கை. கல்யாணத்துக்குப் பிறகும் ரேவதி பி.எட். சேர்ந்தாள். ஒரு வருஷம் ஓடியது. இரண்டாம் வருஷத்தில் மகள் வயிற்றில் இருந்தாள். தண்ணீர் குடித்தாலும் வாந்தி. படுத்த படுக்கையானாள். அடுத்த வருஷம் போகலாம் என்று விட்ட படிப்பு, அடுத்த வருஷமும் போகவில்லை, அதற்கடுத்த வருஷமும் போகவில்லை. அதைப் பற்றி யாரிடமும் அவள் புலம்பியதில்லை. பீரோவின் மேல்தட்டில் ஒரு பச்சைக் கோப்பு மட்டும் கிடந்தது.

கொரோனா வந்து கிரிவலத்துக்குத் தடை போட்டபோது கடையில் ஈ காக்கை இல்லை. பௌர்ணமிக்கு லட்சக்கணக்கில் கால்கள் நடக்கிற பாதையில் ஊர்ப் பிள்ளைகள் டயர் உருட்டிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் மூடி ஒரு வருஷமாகிவிட்டது. நாலாவது படிக்கிற ஒரு பிள்ளைக்குத் தன் பெயரின் கடைசி எழுத்து மறந்துபோயிருந்ததை ரேவதி பார்த்தாள். அன்று சாயங்காலமே தார்ப்பாயை விரித்தாள். பள்ளிக்கூடம் திறந்த பிறகும் அதை மடித்து வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

கணக்கு, தமிழ், ஆங்கிலம் எல்லாம் சொல்லிக்கொடுப்பாள். ஆனால் அறிவியல் என்றால் அவள் குரலே மாறிவிடும். ஒரு வருஷம் கலவைகள் பாடம் வந்தபோது அவள் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. பக்கத்துக் கடையிலிருந்து ஒரு பொட்டலம் மிக்சர் வாங்கி வந்து செய்தித்தாளில் கொட்டினாள்.

"இது பேரு இன்னா?"

"மிக்சர்!"

"பேர்லயே பாடம் இருக்குது பாருங்க. இதுல இன்னா இன்னா இருக்குது, தனித்தனியாப் பிரிங்க."

பிள்ளைகள் கடலையை ஒரு பக்கம், ஓமப்பொடியை ஒரு பக்கம், பூந்தியை ஒரு பக்கம், கறிவேப்பிலையை ஒரு பக்கம் ஒதுக்கினார்கள். பிரித்து முடித்தபோது கடலைக் குவியல் மட்டும் காணாமல் போயிருந்தது. இனியனின் வாய் அசைந்துகொண்டிருந்தது.

"கண்ணால பாத்து, கையால பிரிக்க முடிஞ்சா அது ஒரு தினுசு கலவை," என்றாள் ரேவதி. அடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் உப்பைப் போட்டுக் கலக்கினாள். "இப்ப உப்பு எங்க?"

"காணோம்."

"காணோமா? குடிச்சுப் பாரு."

குடித்தவன் முகத்தைச் சுளித்தான். உப்பு அங்கேதான் இருந்தது, ஒளிந்துகொண்டிருந்தது. இதுதான் கரைசல் என்றாள். ஒரு வீட்டிலிருந்து விபூதி வந்தது. அதைத் தண்ணீரில் போட்டால் பால் மாதிரி வெளுத்தது. கொஞ்ச நேரத்தில் அடியில் போய்ப் படிந்துவிட்டது. அது கரையவில்லை, கலங்கியிருக்கிறது, அவ்வளவுதான். உப்புத் தண்ணீரை ஒரு எவர்சில்வர் தட்டில் ஊற்றிக் கடைக் கூரைமேல் வைத்தார்கள். இரண்டு நாள் வெயிலில் தண்ணீர் போய், தட்டில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. பதினைந்து பேரும் விரலால் தொட்டு நக்கினார்கள். தட்டைக் கழுவ வேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று.

இதையெல்லாம் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள் ஓவியா. ஏழாம் வகுப்பு. தார்ப்பாயின் மூலையில்தான் எப்போதும் அவள் இடம். கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். பள்ளியில் இவளை யாரும் எதுவும் கேட்பதில்லை என்பது ரேவதிக்குத் தெரியும். அவளும் வற்புறுத்துவதில்லை. தட்டில் உப்பு பூத்த அன்று மட்டும், எல்லோரும் நக்கிவிட்டுப் போனபிறகு, ஓவியா அந்தத் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சித்ரா பௌர்ணமி வந்தது.

வருஷத்தில் ஜூஸ் கடைக்கு அதைவிடப் பெரிய நாள் கிடையாது. வெயில் மண்டையைப் பிளக்கும், ஜனம் அலைமோதும். பத்து மணிக்கு மேல் பாதையில் வண்டி விடமாட்டார்கள் என்பதால் குமரேசன் விடியற்காலையிலேயே டவுனுக்குப் போய் எலுமிச்சை மூட்டை, ஐஸ், இருபத்தைந்து கிலோ சர்க்கரை, நீர்மோருக்கும் லெமனுக்குமாக ஐந்து கிலோ தூள் உப்பு எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றி வந்துவிட்டான். சர்க்கரையைக் கொட்டிவைக்க ஒரு நீல டிரம். உப்புக்கு ஒரு வாளி.

கொட்டுகிற நேரம் பார்த்து அவனுக்கு போன் வந்தது.

"யெஸ் மேடம். நோ மேடம், டுடே ஆட்டோ நோ. ஃபுல் மூன் மேடம். வாக்கிங், வாக்கிங்!"

தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டே மூட்டையை டிரம்மில் கவிழ்த்தான். அதே கையோடு உப்புப் பையையும் எடுத்துப் பிரித்து அதன்மேல் கொட்டினான். இதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. மேடம் பேசி முடிக்கிற வரைக்கும், கை சும்மா இருக்க வேண்டாமே என்று ஒரு நீளக் கரண்டியால் நன்றாகக் கிளறியும் விட்டான்.

எலுமிச்சையைக் கழுவிக்கொண்டிருந்த ரேவதி நிமிர்ந்து பார்த்தாள். வாளி காலியாக இருந்தது.

"என்னங்க, உப்பு எங்க?"

குமரேசன் போனை இறக்கினான். டிரம்மைப் பார்த்தான். ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டான். அவன் முகம் போன போக்கே பதில் சொல்லிவிட்டது.

"ஐயையோ," என்றான்.

மணி ஒன்பதரை. அவன் ஓடினான். ஊரில் இருந்த மூன்று மளிகைக் கடையிலும் சர்க்கரை இல்லை. அன்னதானம் போடுகிறவர்கள் முந்தின நாளே அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். டவுனுக்குப் போய்த் திரும்பினால் பாதை அடைத்துவிடும். பக்கத்தில் மாங்காய்ப் பத்தை விற்கிற காசியம்மாள் வந்து டிரம்மை எட்டிப் பார்த்தாள். அறுபது வயது; எதையும் சத்தமாகத்தான் சொல்வாள்.

"இன்னாடி ரேவதி, ஒரு டிரம்மு பூரா கண்ணு பட்ட மாதிரி ஆயிப்போச்சே! உம் புருஷன் கையில கரண்டி எதுக்குடி குடுத்த?"

கோடை விடுமுறை. கூட்டம் பார்க்கக் காலையிலேயே வந்துவிட்ட பிள்ளைகள் டிரம்மைச் சுற்றி நின்றார்கள். இனியன், ஓவியா, கொத்தனார் மகன் பாலாஜி, இன்னும் நாலைந்து பேர். ரேவதிக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. ஆனால் பதினான்கு கண்கள் தன்னையே பார்க்கும்போது எப்படி அழுவது?

"மிஸ்ஸக்கா, வடிகட்டலாமா?" என்றான் பாலாஜி.

"ரெண்டுமே தண்ணியில கரையும்டா. வடிகட்டினா ரெண்டும் சேந்துதான் கீழ எறங்கும்."

"அப்ப வெயில்ல காய வெக்கலாம்."

"காய வெச்சாலும் ரெண்டும் சேந்துதான் மிஞ்சும்."

இனியன் முன்னால் வந்தான். "மிஸ்ஸக்கா, எறும்பு புத்துக்கிட்ட வெச்சிடலாம். எறும்பு சர்க்கரைய மட்டும் எடுத்துட்டுப் போயிடும். உப்பு நமக்கு."

"சர்க்கரைதாண்டா நமக்கு வேணும்!"

காசியம்மாள் சிரித்த சிரிப்பில் மாங்காய்த் தட்டு ஆடியது. ரேவதிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாடம் நடத்துகிற குரலில் சொன்னாள். "இது ரெண்டையும் பிரிக்க முடியாது. விடுங்க. என்னங்க, தண்ணிய ஊத்துங்க. எல்லாத்தையும் பாகாக் கரைச்சு வெச்சிடலாம். உப்பு லெமன்னு சொல்லி, வர்ற வரைக்கும் விப்போம். ஜாஸ்தி கரிச்சா இன்னும் கொஞ்சம் தண்ணி சேப்போம்."

குமரேசன் குடத்தைத் தூக்கினான். டிரம்மின் விளிம்பில் வைத்துச் சாய்க்கப் போனான்.

"ஊத்தாதீங்கண்ணா!"

யார் கத்தியது என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஓவியா. கத்திய அதிர்ச்சியில் அவளே வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். குமரேசன் குடத்தோடு அப்படியே உறைந்துவிட்டான்.

"ஏம்மா?" என்றாள் ரேவதி.

ஓவியா டிரம்முக்குள் கைவிட்டுக் கொஞ்சம் அள்ளினாள். உள்ளங்கையை வெயிலுக்கு நேராக நீட்டினாள். பேச்சு மெதுவாகத்தான் வந்தது. "தண்ணி ஊத்தினாத்தான் கரைசல். இப்ப இன்னும் கரையல மிஸ்ஸக்கா. மிக்சர் மாதிரிதான் இருக்குது. பாருங்க, சர்க்கரை பெருசா இருக்குது. உப்பு பொடிசா இருக்குது. சலிச்சா?"

ரேவதி அந்த உள்ளங்கையைக் குனிந்து பார்த்தாள். ஒவ்வொரு சர்க்கரைப் பருக்கையும் சின்னக் கண்ணாடிக் கல் போல மின்னியது. அவற்றுக்கு நடுவே உப்பு மாவு போலப் படிந்திருந்தது. மூன்று வருஷம் வேதியியல் படித்தவள். கரைதிறன், கரைப்பான், ஆவியாதல் என்று மூளை எங்கெங்கோ ஓடியதே தவிர, கண் எதிரே கிடந்ததைப் பார்க்கவில்லை. மாவு சலிக்கிற கையாலேயே தலையில் அடித்துக்கொண்டாள்.

பிறகு பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னாள்: "நான் முடியாதுன்னு சொன்னது தப்பு. ஓவியா சொல்றதுதான் சரி."

மிஸ் ஒருத்தர் இப்படிச் சொல்லி அந்தப் பிள்ளைகள் கேட்டதேயில்லை. அடுத்த நொடியே "சல்லடை! சல்லடை!" என்று கத்திக்கொண்டு நாலு தெருவுக்கும் ஓடினார்கள்.

பத்து நிமிஷத்தில் ஊரில் உள்ள சல்லடையெல்லாம் கடைக்கு வந்து சேர்ந்தது. மாவு சல்லடை, ரவை சல்லடை, டீ வடிகட்டி, பிளாஸ்டிக் சல்லடை, எவர்சில்வர் சல்லடை. கடைசியாகப் பாலாஜி வந்தான். மணல் சலிக்கிற ஆளுயரச் சல்லடையைத் தலையில் சுமந்துகொண்டு, அதற்கடியில் கால் மட்டும் தெரிய நடந்து வந்தான்.

"எங்கப்பாது. இதுல சீக்கிரம் முடிஞ்சிடும்."

"அதுல நீயே உள்ள பூந்து வெளிய வந்துடுவடா," என்றாள் காசியம்மாள்.

அதையும் விட்டுவைக்க வேண்டாம் என்று ரேவதி ஒவ்வொன்றையும் சோதிக்கச் சொன்னாள். ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி. ரவை சல்லடையில் உப்பு, சர்க்கரை இரண்டுமே கீழே விழுந்தன. டீ வடிகட்டியிலும் அப்படியே. ஒரு பழைய மெல்லிய சல்லடையில் எதுவுமே இறங்கவில்லை. எவர்சில்வர் மாவு சல்லடையில்தான் காரியம் நடந்தது: தட்டத் தட்ட உப்பு புகை போலக் கீழே இறங்கியது; மேலே சர்க்கரை நின்றது. அதே போல இன்னும் மூன்று சல்லடை தேறியது. மேல் நின்றதை எடுத்து ரேவதி நாக்கில் வைத்தாள். இனிப்பு, ஓரத்தில் லேசாக உப்பு.

"முழுசாப் போகலையே," என்றாள் ஓவியா. அவளுக்கு முகம் வாடிவிட்டது.

"இன்னொரு வாட்டி சலிச்சா இன்னும் கம்மியாகும். கொஞ்சம் இருக்கட்டும், லெமனுக்கு அது நல்லதுதான்."

கையைக் கழுவிக்கொண்டு எல்லோரும் உட்கார்ந்தார்கள். குமரேசனுக்கு ஒரு சல்லடை கொடுத்தார்கள்; கரண்டி கொடுக்கவில்லை. பிற்பகல் இரண்டு மணி வரை வேப்பமரத்தடியில் தட்டுகிற சத்தம்தான். இனியன் தன் யோசனையை விடவில்லை. ஒரு ஸ்பூன் கலவையை எறும்பு வரிசையின் பக்கத்தில் வைத்துவிட்டு அரை மணிக்கு ஒரு தடவை போய்ப் பார்த்தான். "எறும்புங்க சுத்தமாப் பிரிக்குதுங்க மிஸ்ஸக்கா," என்று வந்து அறிக்கை கொடுத்தான். "ஆனா ரொம்ப லேட்டு."

கீழே இறங்கிய உப்பில் சர்க்கரைத் தூளும் கொஞ்சம் கலந்திருந்தது. அதைக் காசியம்மாள் வாங்கி மிளகாய்த்தூளோடு சேர்த்து மாங்காய்ப் பத்தையில் தடவினாள். புளிப்பும் காரமும் உப்பும், எங்கிருந்தோ ஒரு துளி இனிப்பும். தின்றவர்கள் திரும்பி வந்து இன்னொன்று கேட்டார்கள். என்ன போட்டீங்க என்று கேட்டவர்களுக்கு, "அது எங்க ஓவியாவைக் கேளுங்க," என்று கையைக் காட்டினாள்.

அன்று ரோஸ்மில்க் கிடையாது, நன்னாரி கிடையாது. லெமன் மட்டும்தான். நாலு மணிக்குக் கூட்டம் பெருக ஆரம்பித்தது. வெறுங்காலோடு வியர்த்து நடந்து வந்தவர்களுக்கு அந்த இனிப்பும் மெல்லிய உப்பும் சேர்ந்த லெமன் தேவாமிர்தமாக இருந்தது போலும். குடித்துவிட்டு ஒரு நிமிஷம் கண்ணை மூடி நின்றார்கள்.

அப்படிக் கண்ணை மூடித் திறந்தவர்களில் ஒருவர் ராமகிருஷ்ணன். செங்கம் சாலைப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியர். மாதம் தவறாமல் மலையைச் சுற்றுகிறவர். மரத்தடியில் பிள்ளைகள் மிச்சத்தைச் சலித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார்.

"என்ன பண்றீங்க, தங்கங்களா?"

எல்லோரும் ஓவியாவைப் பார்த்தார்கள். ஓவியா ரேவதியைப் பார்த்தாள். ரேவதி எலுமிச்சை பிழிவதை நிறுத்தாமலே, சொல்லு என்பது போலத் தலையசைத்தாள். ஓவியா சொன்னாள். முதலில் தரையைப் பார்த்து, பிறகு சல்லடையைப் பார்த்து, முடிக்கும்போது அவரையே பார்த்துச் சொன்னாள். தண்ணீர் ஊற்றியிருந்தால் ஏன் கெட்டுப்போயிருக்கும் என்பதைச் சொன்னபோது தலைமை ஆசிரியர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"யாரும்மா உனக்கு இதச் சொல்லிக் குடுத்தது?"

"மிஸ்ஸக்கா."

"நான் இல்ல சார்," என்றாள் ரேவதி. "நான் முடியாதுன்னுதான் சொன்னேன்."

அவர் சிரித்தார். அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து இருபது நிமிஷம் பேசினார். தன் பள்ளியில் அறிவியல் ஆசிரியர் இடம் காலியாகக் கிடக்கிறது என்றார். வாரத்தில் ஒருநாள், வெள்ளிக்கிழமை, இரண்டு மணி நேரம் வந்து செய்து காட்ட முடியுமா என்று கேட்டார்.

"சார், நான் பி.எட். முடிக்கல."

"நான் உங்கள வேலைக்கு எடுக்கல ரேவதியம்மா. பசங்களுக்கு வந்து காட்டுங்கன்னுதான் கேக்கறேன். முடிக்காதத முடிக்கறது உங்க இஷ்டம்."

அவர் போன பிறகு ரேவதி எலுமிச்சை பிழிந்துகொண்டே இருந்தாள். முடிக்காதத முடிக்கறது என்ற சொல் கையில் ஒட்டிய எலுமிச்சை நெடி போலப் போகமாட்டேன் என்றது. பத்தாவது பழத்தில் குமரேசன் பக்கத்தில் வந்து நின்றான்.

"போ. வெள்ளிக்கிழமை கடைய நான் பாத்துக்கறேன்."

"நீங்களா?"

"இனிமே எல்லாத்துக்கும் லேபிள் ஒட்டிடறேன்."

ஒட்டியும் விட்டான். உப்பு, சர்க்கரை, சோடா உப்பு. தண்ணீர்க் குடத்தின் மேலும் ‘தண்ணீர்’ என்று எழுதி ஒட்டியிருந்தான்.

ஜூன் மாதம் பள்ளி திறந்து முதல் வெள்ளிக்கிழமை, ரேவதி மகளின் பழைய ஸ்கூல் பையில் டம்ளர்களை அடுக்கிக்கொண்டு போனாள். முப்பத்தேழு பிள்ளைகள். கரும்பலகை முன்னால் போய் நின்றாள். எடுத்த எடுப்பிலேயே ஒரு டம்ளரைக் கீழே போட்டு உருட்டிவிட்டாள். வகுப்பு சிரித்தது. அது நல்லதாகப் போயிற்று. அவரவர் வீட்டிலிருந்து ஒரு கலவை கொண்டு வரும்படி தலைமை ஆசிரியர் மூலம் முன்பே சொல்லியனுப்பியிருந்தாள். சாம்பார் வந்தது, மஞ்சள் தண்ணீர் வந்தது, பிசையாத கோலமாவு வந்தது, வாசல் குட்டையிலிருந்து சேறு வந்தது. ஒருத்தி கிண்ணத்தில் தயிர் கொண்டு வந்து மேஜைமேல் வைத்து, இது கலவையா கரைசலா என்று கேட்டாள். எல்லோரும் அவரவர் கட்சியைக் கத்தினார்கள். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

அந்த மாதமே ரேவதி பச்சைக் கோப்பை இறக்கித் தூசி தட்டினாள். பி.எட். கல்லூரியில் கேட்டால், பழைய முதலாம் ஆண்டு இப்போது செல்லாது, முதலிலிருந்து படிக்க வேண்டும் என்றார்கள். வீட்டுக்கு வந்து ஒருநாள் முழுவதும் யோசித்தாள். மறுநாள் விண்ணப்பம் போட்டாள்.

இப்போது அவள் இரண்டாம் ஆண்டு. வகுப்பில் அவளுக்கு அடுத்த பெஞ்சில் இருக்கும் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது. இவளை ‘மேம்’ என்று கூப்பிட்டு, அப்புறம் நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். கற்பித்தல் பயிற்சிக்கான பாடத்திட்டம் எழுதும்போது ‘தேவையான உபகரணங்கள்’ என்ற இடத்தில் மற்றவர்கள் விளக்கப்படம், சுண்ணாம்புக்கட்டி என்று எழுதுகிறார்கள். ரேவதி நீளமான பட்டியல் போடுகிறாள். போன வாரம் பேராசிரியை அதைப் படித்துவிட்டு, "எறும்பு எதுக்கும்மா?" என்று கேட்டார்.

"இருக்கட்டும் மேடம்," என்றாள் ரேவதி. "யாராவது ஒரு பையன் கேப்பான்."